பத்தாம் அத்தியாயம் எங்கே, தம்பி?

உடன்குடி. எங்கள் தெருமுனை மளிகைக்கடை. காலை பதினொரு மணி, கூட்டம் இல்லாத நேரம். அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்து ஒரு தாளை மூக்குக்கு நேரே பிடித்துப் படித்துக்கொண்டிருக்கிறார். நான் மஞ்சள் பையோடு நுழைகிறேன். பைக்குள் வீட்டில் எழுதிக் கொடுத்த சீட்டு. நான் அறிவியல் புனைகதை எழுதுகிறவன். அதாவது பகல் முழுக்க வீட்டில் இருக்கிறவன். கடைக்கு அனுப்ப இதைவிட வசதியான தொழில் கிடையாது.

அண்ணாச்சி: வாரும் தம்பி. நல்ல நேரத்தில் வந்தீர். பத்தாம் அத்தியாயம் எங்கே?

நான்: எந்தப் பத்தாம் அத்தியாயம்?

அண்ணாச்சி: அதான், ஆறு பேர் செவ்வாய்க்குப் போகிறார்களே. ஒன்பதாவதில் காற்று வடிகட்டி நின்றுபோய், அந்த டாக்டர் அம்மா ‘எல்லோரும் அசையாமல் படுங்கள்’ என்று கத்துகிறாள். அதோடு தாள் தீர்ந்துவிட்டது. படுத்தவர்கள் எழுந்தார்களா இல்லையா?

நான்: அண்ணாச்சி, அந்த நாவல் இன்னும் அச்சுக்கே போகவில்லை. உங்கள் கைக்கு எப்படி வந்தது?

அண்ணாச்சி: உம்ம வீட்டம்மா வீட்டை ஒழித்துப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டார்கள். அவன் எனக்குப் போட்டான். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்ததிலிருந்து பொட்டலம் மடிக்கத் தாளுக்கு நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். உம்முடையது நல்ல கெட்டித் தாள். ஒரு பக்கம் வேறு காலி. கிலோ பதினைந்து ரூபாய் கொடுத்தேன்.

நான்: பதினைந்தா! முந்தின புத்தகத்துக்குப் பதிப்பாளர் அவ்வளவுகூடக் கொடுக்கவில்லை.

அண்ணாச்சி: அவர் எடை போட்டு வாங்கவில்லை போலிருக்கிறது.

நான்: சரி, மற்ற அத்தியாயங்கள்? கம்ப்யூட்டர் போன மாதம் படுத்துவிட்டது. கையில் இருந்த பிரதி அது ஒன்றுதான்.

அண்ணாச்சி: நாலாவது கொத்தமல்லியோடு போயிற்று. ஐந்து, சீரகம். ஆறாவது வாத்தியார் வீட்டில் இருக்கிறது. அடுத்தது வேண்டும் என்று மறுநாளே வந்து அரைக் கிலோ உளுந்து வாங்கினார். அவர் வீட்டில் ஏற்கெனவே உளுந்து இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை.

(என் வாழ்நாளில் ஒரு வாசகர் காசு கொடுத்து அடுத்த அத்தியாயம் கேட்டது இதுதான் முதல் முறை. அந்தக் காசு உளுந்துக்குப் போனது வேறு விஷயம்.)

நான்: பத்தாவது எழுதவில்லை அண்ணாச்சி. நாலு வருடமாக அங்கேயே நிற்கிறது.

அண்ணாச்சி: நிற்கத்தான் செய்யும். இரண்டாவது அத்தியாயத்திலேயே தப்பு இருக்கிறதே. ‘கப்பலில் போதிய உணவு ஏற்றப்பட்டது.’ ஒரே வரி! போதிய என்றால் எவ்வளவு? எத்தனை நாளைக்கு?

நான்: போக ஏழு மாதம். ஆனால் போன உடனே திரும்ப முடியாது. பூமியும் செவ்வாயும் தோதான இடத்துக்கு வருவது 26 மாதத்துக்கு ஒரு முறைதான். அதுவரை அங்கே காத்துக் கிடக்க வேண்டும். எல்லாம் சேர்த்து ஆயிரம் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சி: ஆயிரம் நாள், ஆறு பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு?

நான்: விண்வெளி நிலையத்தில் பொட்டலத்தோடு சேர்த்து ஏறக்குறைய 1.8 கிலோ கணக்கு.

அண்ணாச்சி: சீட்டைக் கொடும். (வீட்டுச் சீட்டைத் திருப்பி, காதில் இருந்த பென்சிலை எடுக்கிறார்) ஆறு பேருக்கு 10.8 கிலோ. ஆயிரம் நாளைக்கு 10,800 கிலோ. தம்பி, இது ஒரு லாரி லோடு. ஒரே வரியில் ஏற்றிவிட்டீர்! ஏற்றுக்கூலி யார் கொடுத்தது?

நான்: நான் அந்தப் பக்கம் யோசிக்கவே இல்லை.

அண்ணாச்சி: நம் குலசேகரன்பட்டினத்தில், அதான் குலசையில், ராக்கெட் தளம் கட்டுகிறார்களே, அந்தத் தளத்து ராக்கெட் எவ்வளவு ஏற்றும்?

நான்: எஸ்எஸ்எல்வி, இஸ்ரோவின் சின்ன ராக்கெட். 500 கிலோ.

அண்ணாச்சி: ஐந்நூறுதானா? குட்டியானை வண்டியே முக்கால் டன் ஏற்றுமே!

நான்: அது 500 கிலோமீட்டர் உயரம் ஏறாது அண்ணாச்சி.

அண்ணாச்சி: சென்னை வரை போகிறது. அறுநூறுக்குக் குறையாது.

நான்: அது தரையில்.

அண்ணாச்சி: லோடு லோடுதான். உம்ம கணக்குப்படி 22 ராக்கெட் வேண்டும், சாப்பாட்டுக்கு மட்டும்.

நான்: அதுவும் பூமியைச் சுற்றத்தான். செவ்வாய்க்கு அந்த ராக்கெட் போகாது.

அண்ணாச்சி: அப்போ வழியில் வண்டி மாற்ற வேண்டும். இன்னொரு இறக்குக்கூலி. சரி, சரக்கு என்னென்ன? முறுக்கு போட்டீரா? சீக்கிரம் கெடாது.

நான்: முறுக்கு ஆகாது. கடித்தால் தூள் பறக்கும். எடையில்லாத இடம், தூள் கீழே விழாது, கண்ணிலும் கருவியிலும் போய் மாட்டும். ரொட்டிகூட ஆகாது என்று 1985லிருந்து சப்பாத்தி மாதிரி மெக்சிகோ பண்டம் ஒன்றுதான் கொண்டுபோகிறார்கள். உப்பும் மிளகும்கூடக் கரைசலாகத்தான் தருவார்கள். அங்கே போனால் மூக்கடைத்த மாதிரி இருக்குமாம், ருசி தெரியாது. காரம் காரம் என்று கேட்பார்கள்.

அண்ணாச்சி: ஊறுகாய் போடும். எண்ணெயில் ஊறினது தூள் பறக்காது. ஆளுக்கு மாதம் ஒரு கிலோ. (எழுதுகிறார்) காப்பிக்குக் கருப்பட்டி போடுவீர்தானே? உடன்குடிக்காரர் எழுதுகிற கதையில் சீனி போட்டுக் காப்பி குடித்தால் நான் படிக்க மாட்டேன்.

நான்: போடலாம். தண்ணீர்தான் சங்கடம். கொண்டுபோகிற தண்ணீரையே திரும்பத் திரும்பச் சுத்தம் பண்ண வேண்டும். விண்வெளி நிலையத்தில் 2023ல் 98 சதவீதம் மீட்டுவிட்டார்கள். மூச்சுக்காற்றின் ஈரம், வியர்வை, அப்புறம்...

அண்ணாச்சி: அப்புறம்?

நான்: மற்றதும்.

(அண்ணாச்சி பென்சிலைக் கீழே வைக்கிறார். சீட்டில் ‘கருப்பட்டி’ என்று எழுதியதை ஒரு முறை பார்க்கிறார். பிறகு அடிக்கிறார்.)

அண்ணாச்சி: நல்ல சரக்கை அதில் போட்டுக் கெடுக்க வேண்டாம். சரி, ஆளுக்கு அளந்து கொடுப்பது எப்படி? தராசு இருக்கிறதா?

நான்: போகிற வழியில் எந்தத் தராசும் வேலை செய்யாது. ஆளை எடை போடவே ஸ்பிரிங்கில் உட்காரவைத்து ஆட்டிப் பார்ப்பார்கள். ஆட்டம் மெதுவாக இருந்தால் ஆள் கனம்.

அண்ணாச்சி: உழக்கு?

நான்: அரிசி உழக்கில் தங்காது. மிதந்துபோய்விடும்.

அண்ணாச்சி: என்ன ஊர் அது! செவ்வாயில் இறங்கின பிறகாவது?

நான்: அங்கே இழுவிசை உண்டு, ஆனால் நம்முடையதில் 38 சதவீதம். இந்த எலக்ட்ரானிக் தராசில் ஒரு கிலோ துவரம்பருப்பை வைத்தால் 380 கிராம் காட்டும்.

அண்ணாச்சி: (எழுந்தே விடுகிறார்) அப்போ ஒரு கிலோ காட்டுகிற வரைக்கும் போட்டால் இரண்டரைக் கிலோவுக்கு மேல் போய்விடுமே! கடையை மூட வேண்டியதுதான்!

நான்: ஆனால் படிக்கல் வைக்கிற பழைய தட்டுத் தராசு என்றால் சரியாக ஒரு கிலோதான் காட்டும். அந்தப் பக்கத்துப் படிக்கல்லும் அதே அளவுக்கு இளைத்துப்போயிருக்கும் அல்லவா?

(அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் குனிந்து, அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு துணிமூட்டையை இழுக்கிறார். பித்தளைத் தட்டு, சங்கிலி, படிக்கற்கள்.)

அண்ணாச்சி: எல்லாரும் பழைய இரும்புக்குப் போடச் சொன்னார்கள். என் மகன்கூட. அப்பா வைத்திருந்த தராசு, போட மாட்டேன் என்றேன். இப்போது பாரும், செவ்வாய் வரைக்கும் செல்லும்! இதை ஏற்றும் கப்பலில்.

நான்: ஏற்றுகிறேன்.

அண்ணாச்சி: கடன் கொடுக்கல் வாங்கல் எப்படி? போனில் கேட்டால் உடனே கேட்குமா?

நான்: கேட்காது. ஒளி வேகத்தில் போனாலும், கிரகங்கள் இருக்கிற இடத்தைப் பொறுத்து மூன்று நிமிடத்திலிருந்து 22 நிமிடம் வரை ஆகும். பதில் வர அதே அளவு இன்னொரு முறை.

அண்ணாச்சி: ‘அண்ணாச்சி, ஆயிரம் ரூபாய் கடன் வேண்டும்’ என்று ஒருத்தன் கேட்டால், நான் ‘இல்லை’ என்று சொல்லி அது அவனுக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரமா?

நான்: ஏறக்குறைய.

அண்ணாச்சி: அருமையான ஊர். நீர் இங்கே நின்றுகொண்டே கேட்கிறீர், எனக்கு வாய் வர மாட்டேன் என்கிறது.

(நோட்டைப் புரட்டுகிறார். நான் அவசரமாகப் பேச்சை மாற்றுகிறேன்.)

நான்: அண்ணாச்சி, செவ்வாய் மட்டும் இல்லை. கைவசம் இன்னும் இரண்டு கதை இருக்கிறது.

அண்ணாச்சி: குலசையில் ராக்கெட் விடுகிற கதைதானே? அதில் பாதிதான் வந்தது. பெருங்காயம் வாசனையில் படிக்க முடியவில்லை.

நான்: அதை மூட்டை கட்டிவிட்டேன். நான் தொடங்கும்போது அது சுத்தக் கற்பனை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேரே தெற்கே விட்டால் வழியில் இலங்கை. அதனால் கடல் பக்கம் வளைந்து சுற்ற வேண்டும், சின்ன ராக்கெட்டுக்கு எரிபொருள் அந்தச் சுற்றிலேயே போய்விடும். குலசை என்றால் தெற்கே வெறும் கடல். இதை நானாகவே கண்டுபிடித்து எழுதினேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது. பார்த்தால் இஸ்ரோவும் அதையேதான் சொல்கிறது. 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல்லும் நாட்டிவிட்டார்கள். ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். ‘இது செய்திப் பிரிவுக்கு அனுப்ப வேண்டியது’ என்று திரும்பி வந்தது.

அண்ணாச்சி: நீர் கொஞ்சம் சுறுசுறுப்பாக எழுதியிருக்க வேண்டும்.

நான்: எங்கே எழுத? காலை நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்தால், சரியாக என் ஆட்கள் செவ்வாயில் பனிக்கட்டியைத் தோண்டித் தண்ணீர் எடுக்கிற இடத்தில் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிடும். குடத்தோடு ஓடுவேன். திரும்பி வந்தால் மின்சாரம் இருக்காது. அது வந்தால் மாமியார் வந்து, ‘மாப்பிள்ளை சும்மாதானே இருக்கிறார்’ என்று மின்கட்டணம் கட்ட அனுப்புவார். போன வருடம் ஒரு புத்தகக் கடையில் என் புத்தகத்தைத் தேடினேன். போட்டித் தேர்வுக்கான பொது அறிவு நூல்களோடு அடுக்கியிருந்தார்கள். ஒரு பையன் அதை எடுத்து, கடைசியில் விடைகள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தான்.

அண்ணாச்சி: விடை போட்டிருக்கலாமே. சரி, மூன்றாவது கதை?

நான்: குலசை தசரா. சூரசம்ஹார ராத்திரி, கடற்கரையில் வேடம் கட்டின லட்சம் ஜனம். வேற்றுக்கிரகத்து ஜீவன் ஒன்று வந்து இறங்குகிறது. பச்சை உடம்பு, நாலு கை. பூமியைப் பிடிக்க வந்திருக்கிறது.

அண்ணாச்சி: நாலு கைதானா? காளி வேடத்துக்கு எட்டுக் கை கட்டுவார்களே.

நான்: அதுதான் விஷயம்! ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்தப் பக்கம் குரங்கு, அந்தப் பக்கம் கரடி, போலீஸ், ராஜா. ஒரு தசரா குழு, ‘தனியாக நிற்கிறாயே, வா’ என்று கூட்டிக்கொண்டு போய்க் கையில் தட்டைக் கொடுத்துவிடுகிறது. விடிவதற்குள் 340 ரூபாய் காணிக்கை. பூமியைப் பிடிக்க நேரமே கிடைக்கவில்லை.

அண்ணாச்சி: (யோசித்து) தப்பு இருக்கிறது.

நான்: இதிலுமா?

அண்ணாச்சி: அது மாலை போட்டதா? விரதம் இருந்ததா? அதெல்லாம் இல்லாமல் வேடம் கட்டினால் குழுவில் சேர்ப்பார்களா? நாலு கை, பச்சை உடம்பெல்லாம் விட்டுவிடுவார்கள். விரதத்தை விட மாட்டார்கள்.

நான்: அது சாப்பிடவே சாப்பிடாது அண்ணாச்சி. வெளிச்சத்தில் உயிர் வாழ்கிற ஜீவன்.

அண்ணாச்சி: பிறந்ததிலிருந்தா?

நான்: பிறந்ததிலிருந்து.

அண்ணாச்சி: அப்போ சரி. விரதம் பலமாகவே இருக்கிறது. ஆனால் அந்த 340 ரூபாயைக் கோயில் உண்டியலில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும், சொல்லிவிட்டேன். கையில் வைத்துக்கொண்டு வேற்றுக்கிரகம் போனால் அதுக்கு ஆகாது. அந்த இடத்தை எழுதிவிட்டு எனக்குக் காட்டும்.

நான்: (என் நோட்டில் குறித்துக்கொண்டு) செவ்வாய்க் கதைக்கும் ஒரு வழி சொல்லுங்களேன்.

அண்ணாச்சி: நீர் வந்தபோதே சொல்ல நினைத்தேன். கப்பலில் டாக்டர் இருக்கிறாள், ஓட்டுகிறவன் இருக்கிறான், கல்லைத் தட்டிப் பார்க்கிறவன் இருக்கிறான். சரக்கறை பார்க்க யார்? வடிகட்டி நின்றால் மாற்று வடிகட்டி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று அந்த ஆறு பேரில் எவனுக்காவது தெரியுமா? நோட்டுப் போட்டு எழுதிவைக்கிற ஆள் ஒருத்தன் வேண்டும்.

நான்: அண்ணாச்சி! அதுதான் பத்தாம் அத்தியாயம்! ஏழாவது ஆள்! தட்டுத் தராசோடு!

அண்ணாச்சி: ஏழு என்றால் கணக்கு மாறும். இன்னும் 1,800 கிலோ. (சீட்டில் எழுதுகிறார்) அவனுக்கு வயது ஐம்பத்தெட்டு என்று போடும். கொஞ்சம் சர்க்கரை இருக்கிறது, மற்றபடி திடகாத்திரம்.

நான்: போட்டுவிட்டேன். இப்போதே போய் எழுதுகிறேன். வருகிறேன் அண்ணாச்சி!

அண்ணாச்சி: ஓய், நில்லும்! எதுக்கு வந்தீர்?

நான்: ஆமாம். சீட்டில் இருக்குமே.

அண்ணாச்சி: (சீட்டைத் திருப்பி, கண்ணைச் சுருக்கி) கடுகு கால் கிலோ. அடுத்த வரி மேல் லாரி லோடு வந்துவிட்டது, தெரியவில்லை. கடுகை மட்டும் கொண்டுபோம். மற்றதுக்கு அவர்களே போன் பண்ணுவார்கள்.

(பொட்டலம் மடித்துத் தருகிறார். கைக்கு வந்ததும் எழுத்து தெரிகிறது. ஒன்பதாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கம். ஓரத்தில் பென்சில் குறிப்பு. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கையெழுத்துப் பிரதியில் குறிப்பு எழுதித் தந்த முதல் மனிதர்.)

நான்: அண்ணாச்சி, ஓரத்தில் 2,340 என்று எழுதியிருக்கிறீர்களே, இது அரிசிக் கணக்கா?

அண்ணாச்சி: அது உம்ம பாக்கி. அரிசிக் கணக்கு பின்பக்கம் இருக்கிறது.