குடல் நரம்புகள் ‘சூட்டில் கருகுவதில்லை’: ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் பற்றிய உண்மை விளக்கம்

பிறந்த குழந்தை மலம் கழிக்காமல் வயிறு வீங்கிக் கிடப்பதற்கு, கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாய் உண்ட சூடான பதார்த்தங்கள் குடல் நரம்புகளைக் கருக்கியதே காரணம் என்றும், விளக்கெண்ணெய் புகட்டினால் அவை உயிர்பெறும் என்றும் ஒரு செய்தி பரவுகிறது. இது தவறு. இந்நிலைக்கு ஒரு காரணமான ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் என்பது, குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு செல்கள் இல்லாமலேயே குழந்தை பிறப்பது.

குடலின் நரம்பு செல்கள் குடலிலேயே தோன்றுவதில்லை. கருவின் முதுகுப்புறத்தில், கழுத்தை ஒட்டிய நரம்பு முகடு என்னும் கருத்திசுவிலிருந்து புறப்படும் செல்கள் ஏறத்தாழ 4ஆம் வாரத்தில் முன்குடலுக்குள் நுழைந்து, பெருகியபடியே கீழ்நோக்கி நகர்ந்து, 7ஆம் வாரத்தையொட்டிப் பெருங்குடலின் கடைக்கோடியை எட்டுகின்றன. காடையின் செல்களைக் கோழிக் கருவில் பொருத்தி இப்பயணத்தைப் பின்தொடர்ந்த பிரெஞ்சு உயிரியலாளர்கள் நிக்கோல் லெ துவாரென், மரி-எமே தெய்யே ஆகியோரின் ஆய்வு 1973இல் வெளியானது. எனக்கு இன்றும் வியப்பளிக்கும் சோதனை அது.

குடல் திசு சுரக்கும் ஜி.டி.என்.எஃப். என்னும் புரதத்தை, இச்செல்கள் தம் மேற்பரப்பிலுள்ள ‘ரெட்’ என்னும் ஏற்பியால் உணர்ந்து முன்னேறுகின்றன. அந்த ஏற்பிக்கான மரபணுவிலோ வேறு சில மரபணுக்களிலோ மாற்றம் இருந்தால் பயணம் பாதியில் நின்றுவிடக்கூடும். ஏறத்தாழ 5000 குழந்தைகளில் ஒன்றுக்கு இந்நோய் வருகிறது. செல்கள் எட்டாத கடைசிப் பகுதி தளர முடியாமல் இறுகியே இருப்பதால் மலம் மேலே தேங்குகிறது.

ஆகவே அங்கே கருகிய நரம்பு எதுவுமில்லை, வந்து சேராத நரம்பே உண்டு. அதை எண்ணெயால் வரவழைக்க முடியாது. அப்பகுதியை அறுவை சிகிச்சையில் அகற்றி, நரம்புள்ள குடலை ஆசனவாயுடன் இணைப்பதே சிகிச்சை. பிறந்து 48 மணி நேரமாகியும் குழந்தை மலம் கழிக்காவிட்டால், அல்லது பச்சையாக வாந்தியெடுத்தால், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.