டவுபர் பள்ளத்தாக்குக்குக் காரில் போகாதீர்கள்

ஜெர்மனியில் இருக்கும் நம் ஆட்களில் பெரும்பாலானோர் ரோத்தன்புர்க் என்ற பழைய மதில் நகரத்தைப் பார்த்த கதை ஒன்றுதான். மதிலுக்கு வெளியே காரைப் போடுவது, ப்ளோன்லைன் முச்சந்தியில் போட்டோ, கையில் ஒரு ஷ்னேபாலன் (உருண்டையான பொரித்த பலகாரம்), இரண்டு மணி நேரத்தில் அடுத்த ஊர். அந்த முச்சந்தியில் வலப்பக்கம் சரிந்து இறங்கும் தெரு எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. கோபோல்ட்செல்லர் வாசலைத் தாண்டி அது டவுபர் ஆற்றுக்கு இறங்குகிறது. அங்கிருந்து, வெர்ட்ஹைமில் டவுபர் போய் மைன் நதியில் கலக்கும் இடம் வரை, சுமார் 100 கிலோமீட்டருக்கு ஆற்றை ஒட்டியே சைக்கிள் பாதை. முக்கால்வாசி தூரம் வயல் சாலைகள், கார் வராது.

இதைக் காரின் பின்னால் சைக்கிளை மாட்டிக்கொண்டு வந்து செய்யாதீர்கள். கொள்கை, சுற்றுச்சூழல் எல்லாம் அப்புறம். கணக்கே உதைக்கிறது. ஆற்றுப்பாதை ஒருவழிப் பயணம். ரோத்தன்புர்க்கில் காரை விட்டால் வெர்ட்ஹைமில் மாட்டிக்கொள்வீர்கள். அதற்குப் பயந்து 25 கிலோமீட்டர் போய்விட்டு வந்த வழியே திரும்புகிறவர்கள்தான் அதிகம். இன்னொரு ரகம், வீட்டில் ஒருவரைக் காரை ஓட்டிக்கொண்டு பின்தொடரச் சொல்வது. அவர் பாவம், ஊர் ஊராகப் பார்க்கிங் தேடியே விடுமுறையைக் கழிப்பார்.

ரயில் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடுகிறது. வுர்ட்ஸ்புர்க்–அன்ஸ்பாக் பாதையில் ஷ்டைனாக்கில் இறங்கி, கிளை ரயில் பிடித்தால் கால் மணி நேரத்தில் ரோத்தன்புர்க். முடிவில் வெர்ட்ஹைமிலிருந்து ஆஷாஃபன்புர்க் வழியாக ஃப்ராங்ஃபர்ட் போகலாம். ஸ்டுட்கார்ட், ஹைல்பிரான் பக்கம் இருப்பவர்களுக்கு லவுடா சந்திப்பு. ஆனால் வரைபடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். வைக்கர்ஸ்ஹைமிலிருந்து வெர்ட்ஹைம் வரை ஆற்றோடு ரயிலும் வருகிறது. ரோத்தன்புர்க்கிலிருந்து வைக்கர்ஸ்ஹைம் வரை உள்ள சுமார் 40 கிலோமீட்டரில் ரயிலே கிடையாது. மழை கொட்டினாலும் சைக்கிள் மக்கர் செய்தாலும் அங்கே ஒதுங்க வழி குறைவு. அந்த 40 கிலோமீட்டரை முதல் நாள் காலையில், கால் தெம்பாக இருக்கும்போது முடித்துவிடுங்கள். அதன் பிறகு எங்கே சலித்தாலும் சில கிலோமீட்டரில் ஒரு ஸ்டேஷன் வரும்.

ஆறு ஓடும் திசையில் போவதற்கு இதுதான் உண்மையான காரணம். ‘இறக்கம், மிதிக்கவே வேண்டாம்’ என்று சொல்கிறார்களே, அதை நம்பாதீர்கள். பள்ளத்தாக்கின் அடியில் இறங்கிய பிறகு சராசரி சரிவு அரை சதவீதம்கூட இல்லை, காலுக்கே தெரியாது. காற்றுதான் தெரியும். ஆறு வடமேற்கு நோக்கிப் போகிறது, இந்த வட்டாரத்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து. பிற்பகலில் முகத்தில் அறையும். ஆகவே நாளின் நீண்ட பகுதியை மதியத்துக்குள் முடிப்பது நல்லது.

டிக்கெட் விஷயத்தில் நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள். நாடு முழுக்க உள்ளூர் ரயில்களில் செல்லும் மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் ஆளுக்கு மட்டும்தான், சைக்கிளுக்குச் செல்லாது. பாடன்-வூர்ட்டம்பர்க் எல்லைக்குள் உள்ளூர் ரயில்களில் வார நாட்களில் காலை 6 முதல் 9 வரை தவிர மற்ற நேரம் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் ரோத்தன்புர்க், ஷ்டைனாக், வுர்ட்ஸ்புர்க் எல்லாம் பவேரியா. அந்தப் பகுதிக்குச் சைக்கிள் டிக்கெட் தனியாக எடுக்க வேண்டும். மடக்கு சைக்கிளை மடித்துவிட்டால் அது வெறும் சாமான்.

டிக்கெட் இருந்தால் மட்டும் இடம் உறுதி என்று நினைக்க வேண்டாம். உள்ளூர் ரயிலில் சைக்கிளுக்குப் பெரும்பாலும் முன்பதிவு இல்லை. சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும்தான் முன்னுரிமை. பெட்டி நிறைந்துவிட்டால் இறங்கச் சொல்வார்கள், சண்டை போட்டுப் பயனில்லை. மே, ஜூன் மாத நீள் வார இறுதிகளைத் தவிர்த்துவிடுங்கள். பெந்தெகொஸ்தே வாரத்தில் ரோத்தன்புர்க்கில் திருவிழா, ரயிலிலும் இடம் இருக்காது, அறையும் கிடைக்காது. ரயில் வருவதற்கு முன்பே பைகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பையோடு சேர்த்து 30 கிலோவைப் படியில் தூக்கும்போதுதான் பின்னால் வரிசை நின்றுவிடுகிறது.

ரோத்தன்புர்க்கிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் அந்தச் சரிவைத் தள்ளிக்கொண்டே கடந்துவிடுங்கள். செங்குத்தான கல் பாவிய பாதை, ஈரமானால் வழுக்கும். கீழே இரட்டை அடுக்குப் பாலம், அதிலிருந்து கொஞ்ச தூரத்தில் டெட்வாங் என்ற சிற்றூர். அங்குள்ள சின்னக் கோவிலில் டில்மன் ரீமன்ஷ்னைடர் என்ற சிற்பி செதுக்கிய சிலுவைப் பலிபீடம் இருக்கிறது. மேலே ரோத்தன்புர்க் யாக்கோபு கோவிலில் அவருடைய இன்னொன்று. மூன்றாவது, க்ரெக்லிங்கனுக்கு வெளியே ஒரு கிலோமீட்டரில், ஹெர்கோட்ஸ் கோவிலில். 20 கிலோமீட்டருக்குள் மூன்று. ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் க்ரெக்லிங்கனுக்கே போங்கள்.

1505-க்கும் 1510-க்கும் இடையில் செய்த மாதா பலிபீடம் அது. லிண்டன் மரம், மேலே வண்ணம் பூசவில்லை. அதனால் உளி போன தடம் வரை பார்க்கலாம். மேலே எழும் மரியாளைச் சுற்றி நிற்கும் சீடர்களின் கைகளைப் பாருங்கள், நரம்பு புடைத்திருக்கும். பக்கத்தில் நின்று பார்க்கையில் முன்னால் இருப்பவர்களின் தலைமுடிச் சுருள்கள் மரத்திலிருந்து தனியே பிரிந்து நிற்பது தெரியும். இந்த மனிதர் வுர்ட்ஸ்புர்க் மேயராகவும் இருந்தவர். 1525-இல் விவசாயிகள் பிரபுக்களை எதிர்த்து எழுந்த போரில், அவர்கள் பக்கம் நின்ற நகரம் தோற்றதும் சிறையில் தள்ளப்பட்டார். அந்தப் போரில் விவசாயிகளின் பெரிய தோல்விகளில் ஒன்று நடந்த க்யோனிக்ஸ்ஹோஃபனும் இதே பாதையில்தான் வருகிறது, லவுடாவுக்குச் சற்று முன்னால். இவ்வளவையும் விட்டுவிட்டு ஒரே நாளில் 100 கிலோமீட்டர் அடித்து ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலியில் படம் போடுகிறவர்களை என்ன சொல்வது! கோவிலுக்கு விடுமுறை நாள் உண்டு, கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். எதிரே தையல் விரல்கவசங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் வேறு.

மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரவு வைக்கர்ஸ்ஹைம். இரண்டாவது டவுபர்பிஷோஃப்ஸ்ஹைம், சுமார் 35 கிலோமீட்டர். மூன்றாம் நாள் சுமார் 30. நடுவில் வரும் பாட் மெர்கன்ட்ஹைம், டியூட்டானிக் சபை என்ற கிறிஸ்தவ வீரத் துறவிகள் அமைப்பின் தலைமையிடமாக 1809 வரை இருந்த ஊர். கோட்டையைப் பார்த்துவிட்டு நகரலாம், ஸ்பா பூங்கா எல்லாம் அவரவர் விருப்பம். மூன்றாம் நாளில் பள்ளத்தாக்கு குறுகி, காடு நெருங்கி, குட்டி ஏற்றங்கள் வரும். ப்ரோன்பாக் மடத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

வழியெல்லாம் சரிவுகளில் மேலிருந்து கீழாக நீளும் கல் குவியல்களைக் காண்பீர்கள். ஷ்டைன்ரீகல் என்பார்கள். திராட்சைத் தோட்டம் போட்டவர்கள் தலைமுறை தலைமுறையாக மண்ணிலிருந்து பொறுக்கி எல்லையில் கொட்டிய சுண்ணாம்புக் கற்கள். ஊர் வீடுகளும் அதே சாம்பல் நிறக் கல்தான். டவுபர்பிஷோஃப்ஸ்ஹைம் தாண்டிப் போகப் போகப் பாறை மாறி, கட்டடங்கள் சிவப்பு மணற்கல்லுக்கு மாறுகின்றன. வெர்ட்ஹைம் கோட்டை முழுக்கச் சிவப்பு. காரில் 80-இல் போகிறவர் கண்ணில் இது படாது.

அந்தக் கல் குவியல்களை மூடியிருக்கும் புதரில் முள் உண்டு. மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை வேலிப் புதர்களைப் பெரிய அளவில் வெட்டச் சட்டம் தடுக்கிறது. அக்டோபரில் வெட்டத் தொடங்கினால் முள் பாதையில் கிடக்கும். பஞ்சரானால் புது டியூப் போடுமுன் டயரின் உட்பக்கத்தை விரலால் தடவுங்கள். முள் அங்கேயே இருந்தால் பத்து நிமிடத்தில் மறுபடி பஞ்சர். டியூபில் அக்கம்பக்கமாக இரண்டு ஓட்டை என்றால் முள் காரணமில்லை, காற்று குறைவாக இருந்து கல் விளிம்பில் ரிம் நசுக்கியிருக்கிறது. 40 மில்லிமீட்டர் டயருக்கு, 80 கிலோ ஆளும் 12 கிலோ சாமானும் என்றால், பின்னால் 4 பார், முன்னால் 3.5 போதும். வாடகைச் சைக்கிளில் என்ன வால்வு என்று முதலிலேயே பாருங்கள். நம் ஊர் சைக்கிளில் வரும் அதே டன்லப் வால்வு அங்கே சிட்டி சைக்கிள்களில் இன்னும் உண்டு. அதற்கு ஒல்லியான ப்ரெஸ்டா வால்வுக்கான பம்ப்பே பெரும்பாலும் பொருந்தும். கார் டயரில் இருப்பது போன்ற தடித்த வால்வு என்றால், அந்தப் பம்ப் மட்டும் கையில் இருந்தால் நடுவழியில் திண்டாட்டம்.

சாமானை முதுகில் சுமக்காதீர்கள். கேரியரின் இருபுறமும் தொங்கும் பைகளில், கனமானதை அடியில் வையுங்கள். பையைச் சற்றுப் பின்னால் தள்ளி மாட்டாவிட்டால் ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் இடிக்கும். கேரியரைப் பிடிக்கும் எம்5 திருகுகள் அதிர்வில் தளரும், இரவில் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் ஆலன் சாவியில் முடிகிற வேலை. கார் வராத பாதையில் டிராக்டர் வரும், அறுவடைக் காலத்தில் நிறையவே வரும். அவர்கள் வேலைக்குப் போகிறார்கள், ஒதுங்கி நில்லுங்கள். அவர்கள் விட்டுப்போகும் ஈரச் சேற்றில் வளைவில் பிரேக் பிடித்தால் சறுக்கும்.

சாப்பாடு: ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை, பேக்கரி காலையில் மட்டும். சிற்றூர் உணவகங்களில் மதியம் 2 முதல் 5 வரை சமையலறை மூடியிருப்பது சகஜம், திங்கள் அல்லது செவ்வாய் பல இடங்களில் முழு விடுமுறை. ரொக்கம் கையில் இருக்கட்டும். சைவர்கள் க்ரூன்கெர்ன் தேடிப் பாருங்கள். ஸ்பெல்ட் என்ற பழைய கோதுமை வகையை முற்றும் முன்பே பச்சையாக அறுத்து உலர்த்தியது, பக்கத்து பவுலாண்ட் வட்டாரத்தின் பயிர், லேசான புகை மணம் இருக்கும். சூப் என்றால் இறைச்சிச் சாற்றில் செய்ததா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். தங்குமிடத்துக்கு ‘பெட் அண்ட் பைக்’ பலகையைத் தேடுங்கள். ஒரே இரவுக்கும் அறை தருவார்கள், சைக்கிளைப் பூட்டி வைக்க இடமும் இருக்கும்.

சொந்தச் சைக்கிள் இல்லாதவர்கள் ரோத்தன்புர்க்கில் வாடகைக்கு எடுத்தால் அங்கேயே திருப்பித் தர வேண்டியிருக்கும். வெர்ட்ஹைமிலிருந்து லவுடா, வுர்ட்ஸ்புர்க், ஷ்டைனாக் என்று மூன்று இடத்தில் மாறிப் போவதில் அரை நாள் கரைந்துவிடும். முடிந்தால் உங்கள் ஊரிலேயே வாடகைக்கு எடுத்து ரயிலில் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.