50 விநாடி டெட்லாக்குக்கு இல்லை
மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் டெட்லாக் (இரண்டு வேலைகள் ஒன்றின் பூட்டுக்காக மற்றொன்று காத்து முட்டி நிற்பது) வந்தால் 50 விநாடி கழித்துத்தான் பிழை வரும், அந்த நேரத்தைக் குறைத்தால் தீர்ந்தது என்று உங்கள் பதிவில் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டு வேறு விஷயங்கள் இதில் கலந்துவிட்டன. 50 விநாடி என்பது வேறொரு வேலை பூட்டிய வரிசை விடுபடும் வரை சும்மா காத்திருப்பதற்கான இயல்பான வரம்பு. அது தாண்டினால் பிழை 1205. டெட்லாக்கை இன்னோடிபி (மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு இயந்திரம்) உடனே கண்டுபிடித்து ஒரு டிரான்சாக்‌ஷனை (சேர்ந்தே முடிய வேண்டிய கட்டளைத் தொகுப்பை) பலியிடும்; அது பிழை 1213. அந்தக் கண்டறிதலை நீங்களே அணைத்திருந்தால் மட்டும் கதை வேறு.

சோதித்துப் பாருங்கள். இரண்டு இணைப்புகள், இரண்டிலும் டிரான்சாக்‌ஷனைத் தொடங்குங்கள். முதலாவது 1ஆம் வரிசையையும் இரண்டாவது 2ஆம் வரிசையையும் மாற்றட்டும். அப்புறம் முதலாவது 2ஐத் தொடும், காத்திருக்கும். இரண்டாவது 1ஐத் தொட்டதும் 1213 வந்துவிடும்.

நீங்கள் பார்த்தது 1205 என்றால், கட்டளையின் WHERE நிபந்தனையில் இருந்த நெடுவரிசைக்கு இன்டெக்ஸ் (வரிசைகளை நேராகத் தேட உதவும் அட்டவணை) இல்லையோ என்று எனக்குச் சந்தேகம். இன்டெக்ஸ் இல்லாவிட்டால், இயல்பான அமைப்பில் அலசிய வரிசைகள் எல்லாம் பூட்டப்படும். இரண்டாவது இணைப்பு முதல் படியிலேயே நின்றுவிடும், டெட்லாக்கே உருவாகாது.

இன்னொன்று: 1213இல் முழு டிரான்சாக்‌ஷனும் ரோல்பேக் ஆகும், அதாவது அதன் மாற்றங்கள் எல்லாம் திரும்பப் பெறப்படும். 1205இல் இயல்பாக அந்த ஒரு கட்டளை மட்டும்தான். பிழை வந்தால் மறுபடி முயலும் நிரல் இரண்டையும் ஒன்றாக நடத்தினால், பாதி மாற்றங்கள் கமிட் ஆகி நிலைத்துவிடலாம்.