முதலில் ஆஸ்பத்திரி, பிறகு அச்சன்கோவில்

செங்கோட்டைக்காரர்களுக்கு அச்சன்கோவிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மலைக்கு அந்தப் பக்கம், கொல்லம் மாவட்டம். ஆனால் பண்பொழி, மேக்கரை வழியாகக் காட்டுக்குள் ஏறினால் நமக்குத்தான் கிட்டக்க. 1956 வரை நாமும் திருவிதாங்கூர்தானே. அங்கே அய்யப்பன் கோயிலில் அய்யன் கையில் இருக்கும் சந்தனம் பாம்பு விஷத்தை முறிக்கும் என்பது இரண்டு பக்கத்துச் சனத்துக்கும் உள்ள நம்பிக்கை. கடிபட்டு வந்தால் நடுச்சாமத்திலும் நடை திறப்பார்கள் என்று ஆச்சி சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். மார்கழி உற்சவத்துக்கு வருசம் தவறாமல் போகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே உள்ளதைப் படித்துவிட்டு "சாமி இல்லைங்கிற ஆளா நீ" என்று யாரும் கேட்க வேண்டாம்.

என் சித்தப்பா கண்ணாடி விரியன் கடித்துச் செத்தார். பிசானப் பயிர் சமயம், அந்திக் கருக்கலில் மடை திறக்கப் போனவர். கணுக்காலுக்கு மேலே இரண்டு பல். நாங்கள் முதலில் கொண்டுபோனது வேர் கட்டி மந்திரிக்கிற ஒருவரிடம். வேப்பிலை அடித்தார், பச்சிலை அரைத்துக் கொடுத்தார், "வெசம் எறங்கிட்டு, பயப்படாம கூட்டிட்டுப் போங்க" என்றார். மூன்று மணி நேரம் அதிலேயே போய்விட்டது. கால் முழங்கால் வரை வீங்கி, பல் ஈறில் ரத்தம் கசிந்த பிறகுதான் ஆஸ்பத்திரி.

அங்கே டாக்டர் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, மேசை மேல் ஆட்டாமல் நிறுத்தி வைத்தார். இருபது நிமிடம். சுவர்க் கடிகாரத்தையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல ரத்தம் என்றால் அதற்குள் உறைந்துவிடும், குழாயைச் சாய்த்தாலும் அசையாது. அவர் சாய்த்தார். தண்ணீர் மாதிரி ஓடியது. விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். ஆனால் சிறுநீரகம் அதற்குள் கெட்டிருந்தது. டயாலிசிஸ் செய்தும் ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

"அவருக்கு நேரம் முடிஞ்சிட்டு" என்றார்கள் ஊரில். இந்த வார்த்தை மேல்தான் எனக்கு இன்றும் கோபம். பிழைத்தால் மந்திரம் பலித்தது, செத்தால் விதி. எது நடந்தாலும் மந்திரத்துக்குத் தோல்வியே இல்லை என்றால், அது வேலை செய்கிறதா இல்லையா என்று யாரால் எப்போது சொல்ல முடியும்? அந்தக் குழாய் அப்படி இல்லை. உறைந்தால் ஒரு பதில், உறையாவிட்டால் வேறு பதில். யார் ஆசைக்கும் அது வளையாது.

மந்திரித்துப் பிழைத்தவர்கள் இல்லையா என்றால், நிறைய இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. சாரைக்கும் தண்ணீர்ப் பாம்புக்கும் ஆளைக் கொல்லும் விஷம் கிடையாது. நல்ல பாம்பே சில சமயம் விஷத்தை இறக்காமல் பல்லை மட்டும் பதித்துவிட்டுப் போகும். இவர்கள் வீட்டில் சும்மா படுத்திருந்தாலும் எழுந்திருப்பார்கள். ஆனால் கையில் கட்டிய வேரைக் காட்டி ஊரெல்லாம் சொல்வார்கள். சித்தப்பா வந்து சொல்ல முடியாதே. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக் கடியில் இறந்ததாக ஆய்வுக் கணக்கு. பெரும்பாலும் கிராமத்தில், வீட்டிலேயே.

பகுத்தறிவு பேசும் நண்பர்களிடமும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. சந்தனம் வைத்திருக்கும் என் அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சிரிப்பைக் கேட்டு எந்த அம்மாவும் ஆஸ்பத்திரிக்கு ஓடி வர மாட்டாள். எந்த மருந்து, யார் எடுத்த விஷம் என்று சொல்லுங்கள், கேட்பாள். மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில் இருளர்கள் 1978இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில் பாம்பைப் பிடித்து விஷம் எடுக்கிறார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அதன் ரத்தத்தில் ஊறும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்துத்தான் மருந்து செய்கிறார்கள். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலுக்கு மட்டும். நம் மலையோரத் தோட்டங்களில் மூக்கு நுனி தூக்கிய ஒரு குழிவிரியன் உண்டு. அது கடித்தால் பெரிய ஆபத்தில்லை என்றுதான் முன்பு நினைத்திருந்தார்கள். உயிருக்கே ஆபத்து, இப்போதுள்ள மருந்து அதற்குக் கேட்காது என்று கேரள மருத்துவர்கள் 2007இல் எழுதினார்கள். தன் மருந்து எங்கே கேட்காது என்று தானே எழுதி வைக்கிற அந்த நேர்மைக்காகத்தான் நான் விஞ்ஞானத்தைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். மந்திரிக்கிறவர் ஒருவராவது "இது என்னால ஆகாது, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால்!

போன புரட்டாசியில் அடுத்த வீட்டுப் பிள்ளை விடியற்காலம் மூன்று மணிக்கு வயிறு வலிக்கிறது என்று அழுதாள். தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தவள். கடித்த தடம் எதுவும் தெரியவில்லை. அஜீரணம் என்று ஓமத் தண்ணீர் வைத்தார்கள். அம்மா மட்டும் அவள் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, கண்ணை நல்லாத் திற என்றாள். பிள்ளையால் இமையைத் தூக்க முடியவில்லை. கட்டு விரியன் கடி வலிக்காது, கண் சொருகும் என்று சித்தப்பா போன பிறகு நான் சொன்னதை அவள் மறக்கவில்லை.

யாரோ அச்சன்கோவிலுக்கு ஜீப் பிடிக்கலாம் என்றார்கள். "முதல்ல நூத்தியெட்டுக்குப் போனைப் போடு. அய்யன்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள் அம்மா. ஆம்புலன்ஸ் தெரு முனை திரும்பியதும் உள்ளே போய் மஞ்சள் துணியில் காசு முடிந்தாள். பிள்ளை மூன்று நாள் வெண்டிலேட்டரில் இருந்து பிழைத்து வந்தாள். மார்கழியில் அவளையும் கூட்டிக்கொண்டு எல்லோரும் மலையேறினோம். அம்மா அந்த முடிச்சை அவிழ்த்து உண்டியலில் போட்டாள். நான் சந்தனம் வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டேன்.