தோட்டம் கொத்தப் பிள்ளைகளைக் கூட்டிப்போன வாத்தியார் எழுதுவது

நான் பிள்ளைகளைத் தோட்டம் பார்க்கக் கூட்டிப்போனதைப் பற்றிப் பெற்றோர் குழுவில் ஒரு தகப்பனார் போட்ட குரல்பதிவை நேற்றிலிருந்து எனக்கே பதினொரு பேர் அனுப்பிவிட்டார்கள். கேட்டுவிட்டேன், போதும். "தோட்டம் கொத்தவோ பிள்ளையளைப் பள்ளிக்கூடம் விடுறம்?" என்று கேட்ட தகப்பனாருக்குக் குழுவிலேயே பதில் போட்டிருப்பேன். அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல் விழுந்த பிறகு அங்கே என்ன பேச?

யாரும் கொத்தவில்லை. தரம் 10 பிள்ளைகளை யாழ்ப்பாணத்து உரும்பிராயில் ஒரு வெங்காயத் தோட்டத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் கூட்டிப்போனேன். பாடம் உற்பத்திக் காரணிகள். நிலம், உழைப்பு, மூலதனம், முயற்சியாண்மை. அவற்றுக்கு முறையே கிடைப்பது வாடகை, கூலி, வட்டி, இலாபம். நித்திரையிலும் சொல்லுவார்கள். ஆனால் தவணைப் பரீட்சையில் மூலதனத்துக்கு உதாரணம் கேட்டால் முக்கால்வாசிப் பேர் 'காசு' என்று எழுதியிருக்கிறார்கள்.

காசு மூலதனம் இல்லை. மண்வெட்டி, தண்ணி இறைக்கிற மெசின், உழுகிற லான்ட்மாஸ்டர், இவைதான் மூலதனம். (கணக்கீட்டில் முதலாளி போட்ட காசையும் மூலதனம் என்றுதான் எழுதுகிறோம். பிள்ளைகள் குழம்புவது அங்கேதான்.)

எனக்கு இது புத்தகத்தில் விளங்கவில்லை. 1990களில் போர் நடந்தபோது யாழ்ப்பாணத்துக்குப் போட்ட பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெய் இல்லாமல் ஐயாவின் மெசின் கொட்டிலில் கிடந்தது. வெங்காயம் விற்ற காசு அம்மாவின் றங்குப் பெட்டிக்குள் இருந்தது. காசு தண்ணி இறைக்காது. ஐயா கிணற்றில் ஆள் மிதித்துத் தண்ணி இறைக்கிற துலாவைத் திரும்பக் கட்டினார். பின்னேரம் துலா மிதித்துத்தான் நான் வணிகம் படித்தேன்.

"சிலபஸ் முடிக்க நேரமில்லை" என்பீர்கள். போனது ஒன்றரை மணித்தியாலம். "வெயில்" என்றார் ஒரு அம்மா. அது சரி, தொப்பி கொண்டுவரச் சொல்லியிருக்க வேண்டும், பிழை என்னுடையது. "சோதினைக்கு வருமோ?" வரும். வராவிட்டாலும் கூட்டிப்போவேன்.

ரியூசன் குறிப்பில் இல்லாத ஒன்றை அங்கே தோட்டக்காரரிடம் ஒரு பிள்ளை கேட்டாள்: "அண்ணை, உங்கட காணி, உங்கட மெசின், நீங்களே வேலை செய்யிறீங்கள். கையில வாறதில எது கூலி, எது லாபம்?" அவர் சிரித்துவிட்டு, "மிஞ்சினாத்தானே பிள்ளை பிரிக்கிறதுக்கு" என்றார். தன் காணிக்கு வாடகையும் தன் கைக்குக் கூலியும் அவர் கணக்கில் ஏறுவதேயில்லை. மனைவி புல்லுப் பிடுங்குவது அறவே இல்லை. இதைவிடப் பெரிய பாடம் நான் எந்தக் கரும்பலகையில் எழுதுவது?

ஆனால் உங்கள் கோபம் பாடத்தில் இல்லை. பிள்ளை தோட்டக்காரனோடு நின்ற படம் வெளியில் வந்துவிட்டதே, அதில்தான். இதே பிள்ளைகளை ஒரு வங்கிக்குக் கூட்டிப்போய்க் குளிரூட்டிக்குக் கீழே நிறுத்திப் படம் போட்டிருந்தால் எனக்கு மாலை விழுந்திருக்கும். 'கொத்துறது' என்ற சொல்லைக் குரல்பதிவில் அந்தத் தகப்பனார் இழுத்த இழுவை இருக்கிறதே, அதை என் ஐயா கேட்காமல் போய்ச் சேர்ந்தது நல்லது. கொத்திய காசில் படித்துத்தான், தகப்பனாரே, நான் உங்கள் பிள்ளைக்குப் படிப்பிக்கிறேன்.

அடுத்த கிழமை மயிலிட்டித் துறைமுகம். கடலும் பொருளியலில் 'நிலம்'தான். 1990இல் போரால் இடம்பெயர்ந்தவர்களுக்கு அந்தத் துறைமுகம் இராணுவத்திடமிருந்து திரும்பக் கிடைத்தது 2017இல். மீன்பிடிக்கத் தெரிந்த கைகள் இருந்தும் சொந்தக் கரை இல்லாத அந்த 27 வருடங்களை எந்தக் காரணியின் கீழ் எழுதுவது என்று பிள்ளைகளிடம் கேட்கப் போகிறேன். அதிபரின் அனுமதி எடுத்தாயிற்று. எல்லோரும் தொப்பி கொண்டுவரவும். குரல்பதிவுத் தகப்பனாரும் வரலாம், வான் வண்டியில் ஒரு சீற் இருக்கிறது.