மைன் டம்ப் ஓரத்துத் தோட்டங்களும் மண்ணிலுள்ள பூஞ்சையும்

ஜொகன்னஸ்பர்க்கின் தெற்கே, லெனேசியா போன்ற இடங்களில் வீட்டுக்குப் பின்புறம் கீரையும் மக்காச்சோளமும் பயிரிடும் நம் குடும்பங்களுக்கு, ஆகஸ்டு மாதக் காற்று கொண்டுவரும் மைன் டம்ப் (தங்கச் சுரங்கக் கழிவுமேடு) புழுதி புதிதல்ல. இந்தப் பகுதியின் விட்வாட்டர்ஸ்ரண்ட் பாறையில் தங்கத்தோடு யுரேனியமும் கலந்திருக்கிறது. 1886இல் சுரங்கத் தொழில் தொடங்கியது முதல், 1952இல் குரூகர்ஸ்டார்ப்பில் அதைப் பிரித்தெடுக்கும் ஆலை இயங்கத் தொடங்கும் வரை, அந்த யுரேனியம் பெரும்பாலும் அரைத்த பாறைத் தூளோடு டம்புகளிலேயே கொட்டப்பட்டது. மண்ணில் யுரேனியம் எவ்வளவு என்பதை மட்டும் அளந்துவிட்டுத் தோட்டத்தைப் பாதுகாப்பானது என்றோ ஆபத்தானது என்றோ தீர்ப்பளிப்பதை நான் ஏற்கவில்லை. மண்ணுக்கும் நம் தட்டுக்கும் நடுவே வேர் உட்பூசணம், அதாவது செடியின் வேருக்குள் குடியேறி அதோடு கூடி வாழும் மண் பூஞ்சை, இருக்கிறது.

மக்காச்சோள வேரைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், வேரின் செல்லுக்குள்ளேயே இந்தப் பூஞ்சையின் இழைகள் குட்டி மரங்களைப்போலக் கிளைவிட்டிருப்பது தெரியும். செடி சர்க்கரையைத் தருகிறது; பூஞ்சை, வேர் எட்டாத தூரத்திலிருந்து பாஸ்பரஸைக் கொண்டுவருகிறது. யுரேனியம் பாஸ்பேட்டோடு எளிதில் பிணைந்துகொள்ளும் தனிமம் என்பதால், அதில் ஒரு பகுதி இழைகளின் சுவரிலும் வேரிலும் சிக்கி நின்றுவிடுகிறது. பல சோதனைகளில், பூஞ்சை இருந்த செடிகளின் வேரில் யுரேனியம் கூடியும், தண்டிலும் இலையிலும் குறைந்தும் காணப்பட்டது.

இதை வைத்துப் பூஞ்சை நம்மைக் காப்பாற்றிவிடும் என்று பரப்புவது தவறு. கேரட்டில் நாம் உண்பதே வேர்தான். முள்ளங்கி, முட்டைக்கோஸ், தண்டுக்கீரை ஆகியவற்றின் வேர்களில் இந்தப் பூஞ்சை பெரும்பாலும் குடியேறுவதே இல்லை. நம் சமையலில் அன்றாடம் இடம்பெறும் கீரைக்கே இந்தத் தடுப்பு இல்லை என்பதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. அணு விபத்துகளில் வெளியாகும் கதிரியக்கப் பொருளான சீசியம்-137 வேறு வகை. அது பொட்டாசியத்தின் வழியைப் பின்பற்றுவதால், அதில் பூஞ்சையின் விளைவு சோதனைக்குச் சோதனை மாறியிருக்கிறது. 1986 செர்னோபில் விபத்துக்குப் பின் ஐரோப்பியக் காடுகளில் மர வேர்களோடு வாழும் வேறு பூஞ்சைகள் சீசியத்தை மேல்மண்ணில் பிடித்துவைத்தன. அவற்றின் காளான்களிலேயே அது சேர்ந்தது.

அமிலச் சுரங்கநீர் கலந்த மண்ணில் யுரேனியம் எளிதில் கரைந்து நகரும். பாஸ்பேட் உரத்தை அளவுக்கு மீறிப் போட்டாலோ பூஞ்சையின் குடியேற்றமே குறைந்துவிடும். ஆகவே மண்ணோடு அதன் அமிலத்தன்மையையும், அங்கே விளைந்த கீரையையும் கேரட்டையும் தனித்தனியே சோதித்து, முடிவை அந்தத் தோட்டக்காரர்களின் கையில் கொடுக்க வேண்டும். இலையில் படியும் புழுதி வேர் வழியாக வருவதல்ல. அதற்கு நன்றாகக் கழுவுவதே வழி.