சுஷியில் சோற்றை ஒதுக்காதீர்கள்

போன வாரம் நண்பர்களோடு ஒரு ஜப்பானிய சுஷி உணவகத்துக்குப் போயிருந்தேன். ஒரே கட்டணம், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், தொண்ணூறு நிமிடம் நேரம். சாப்பாடு நன்றாகவே இருந்தது. ஆனால் பக்கத்து மேசையில் பார்த்தது இன்னும் மனதை அறுக்கிறது.

நான்கு பேர். சோற்று உருண்டை மேல் மீன் துண்டு வைத்த சுஷியான நிகிரி தட்டுத் தட்டாக வந்துகொண்டிருந்தது. குச்சியால் மேலே இருக்கும் சால்மனை மட்டும் உரித்து வாயில் போட்டுக்கொண்டு, கீழே இருந்த சோற்றை ஓரமாகத் தள்ளினார்கள். அடுத்து டூனா, அதுவும் அப்படியே. அரை மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு வெள்ளை உருண்டைகள் சேர்ந்துவிட்டன. சிலவற்றின் உச்சியில் வசாபி என்ற கார விழுதின் பச்சைப் பொட்டு கலையாமல் இருந்தது. மிச்சம் வைத்தால் தனிக் கட்டணம் என்று மெனுவிலேயே போட்டிருந்ததால், கடைசியில் எல்லாவற்றையும் டிஷ்யூ பேப்பரில் சுருட்டி சூப் கிண்ணத்துக்குள் அமுக்கிவிட்டார்கள்.

"சோறு வயிற்றை அடைச்சிடும், கொடுத்த காசுக்கு மீனைச் சாப்பிடணும்" என்று பலர் யோசனை சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

சுஷி என்ற பெயரே புளிப்பு என்ற பொருளில் வந்ததுதான். வினிகர், சர்க்கரை, உப்பு சேர்த்துக் கிளறிய அந்தச் சோறு இருந்தால்தான் அது சுஷி. வெறும் மீனுக்கு சஷிமி என்று வேறு பெயர் இருக்கிறது. பல உணவகங்களில் அதுவும் கிடைக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள், சோறு ஒத்துக்கொள்ளாதவர்கள் சோற்றைக் குறைத்துப் பிடிக்கச் சொல்லியும் கேட்டுப் பார்க்கலாம். கேட்பதில் என்ன கூச்சம்?

எங்கள் மேசை கவுண்டருக்கு எதிரே இருந்தது. அங்கே ஒருவர் நிகிரி பிடிப்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்களை வினிகர் கலந்த தண்ணீரில் நனைத்துக்கொள்கிறார். வலது கையில் கொஞ்சம் சோறு, இடது கையில் மீன் துண்டு. மீனில் ஒரு துளி வசாபியைத் தடவி அதன்மேல் சோற்றை வைக்கிறார். இரண்டு விரலால் ஓர் அழுத்து, திருப்பிப் போட்டு இன்னோர் அழுத்து, அவ்வளவுதான். கையில் எடுத்தால் உதிராது, வாயில் போட்டதும் பிரிந்துவிடும். சோறு ஏறக்குறைய உடம்புச் சூட்டில் இருந்தால்தான் இந்தப் பதம் வரும். ஆறினால் இறுகிவிடும். ஜப்பானில் பழைய முறைப்படி இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் மீனைத் தொடுவதற்கு முன்பே சோற்றோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டுவார்கள்.

இங்கே ஒருவர் குறுக்கே கேட்கலாம்: ஆதியில் ஜப்பானியர்களே சோற்றைத் தூக்கிப்போட்டவர்கள்தானே? உண்மைதான். மீன் கெடாமல் இருக்க உப்பிட்டு, சோற்றுக்குள் புதைத்து மாதக்கணக்கில் புளிக்க வைத்தார்கள். பிறகு மீனை எடுத்துக்கொண்டு சோற்றை விட்டுவிட்டார்கள். ஜப்பானின் பீவா ஏரிப் பக்கம் ஃபுனாசுஷி என்ற பெயரில் அந்த வகை இன்றும் இருக்கிறது. ஆனால் அந்தச் சோறு அத்தனை மாதம் வேலை செய்து கூழாகிப்போன சோறு. இன்று நாம் சாப்பிடும் நிகிரி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், பரவியது. புளிக்கும்வரை காத்திருக்காமல் வினிகர் கலந்த சோற்றில் அப்போதே பிடித்து அப்போதே சாப்பிட்ட தெருக்கடை உணவு அது.

அளவில்லாமல் சாப்பிடும் முறையையே நான் குறை சொல்லவில்லை. ஜப்பானியர்கள் அதற்கு 'தபெஹோதாய்' என்கிறார்கள், ஆசை தீரச் சாப்பிடுவது. சுழலும் பட்டையில் சுஷி வரும் முதல் கடை ஒசாகா பகுதியில் திறந்ததும், டோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டல் ஜப்பானுக்கு பஃபேயைக் கொண்டுவந்ததும் ஒரே 1958ஆம் ஆண்டில். அந்தச் சுழலும் பட்டை சுஷியைச் சாதாரண மனிதர்களுக்கு எட்டும் இடத்துக்குக் கொண்டுவந்த முயற்சியாகத்தான் எனக்குத் தெரிகிறது.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது, தெரியாததைத் துணிந்து கேட்க முடிவதுதான். தட்டுக்குத் தட்டு காசு என்றால் வினிகரில் ஊறிய கானாங்கெளுத்தியை நான் கேட்டிருக்கவே மாட்டேன். இங்கே ஒன்றே ஒன்று கேட்டேன். வெள்ளித்தோல் மின்ன வந்தது, வாயில் வைத்ததும் முதலில் புளிப்பு, பின்னாலேயே எண்ணெய்ச் சுவை. மறுபடி இரண்டு சொன்னேன். இன்று எல்லாரும் முதலில் கேட்கிற சால்மன் நிகிரிகூட 1980களில் நார்வேக்காரர்கள் விடாமல் முயன்று ஜப்பானில் கொண்டுசேர்த்ததுதான்.

ஆளுக்கு இரண்டு இரண்டாகச் சொல்லுங்கள். முடித்த பிறகு அடுத்தது. முதலில் வெள்ளை மீன், அப்புறம் கொழுப்பு மீன், நடுவில் ஊறுகாய் இஞ்சி ஒரு துண்டு. சோயா சாஸை மீன் பக்கமாகத் தொட்டுக்கொள்ளுங்கள். சோறு நனைந்தால் கிண்ணத்திலேயே கரைந்துவிடும். தொண்ணூறு நிமிடம் இதற்குத் தாராளம்.

மிச்சத்துக்குக் கட்டணம் வாங்குவது சரி என்றே நினைக்கிறேன். காசு கொடுத்தாயிற்று, சாப்பிடுவதும் விடுவதும் என் இஷ்டம் என்பவர்களிடம் கேட்கிறேன்: அந்தக் காசு நீங்கள் சாப்பிடத்தானே, கொட்டுவதற்கா?

அந்த நால்வரும் எழுந்து போனதும் மேசையைத் துடைக்க ஒரு பெண் வந்தார். கிண்ணத்தை எடுத்தபோது டிஷ்யூ பேப்பர் பிரிந்து சோறு தெரிந்தது. ஒரு நொடி பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பைக்குள் கொட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.